மனைக்கு அனுமதி கொடுக்கும் முன் மதகைப் பார்!



பேப்பரைத் திறந்தால் ஒரே செய்திதான். கட்டுமானத் துறை வளர்கிறதாம். சிமென்ட் உற்பத்தி கூடுகிறதாம். கம்பி விற்பனை கூடுகிறதாம். மனை விலை ஏறுகிறதாம். ஆகவே நாடு முன்னேறுகிறது என்கிறார்கள்.

ஏனாத்தூர் தொடங்கி உத்திரமேரூர் வரைக்கும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் கழனி வைத்துக் காலம் தள்ளுகிற நமக்கு இந்தச் செய்தியில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அந்த சிமென்ட்டைக் கொட்டுகிற இடம் நம்ம கழனி. அந்த மனைக்குக் கல் நடுகிற இடம் நம்ம ஆயக்கட்டு. அந்த வீட்டுக்கு மணல் வந்தது நம்ம பாலாற்றிலிருந்தும் செய்யாற்றிலிருந்தும். ஜல்லி வருவது உத்திரமேரூர் வட்டாரத்து மலைகளை உடைத்து. நாட்டின் கணக்கில் வரவு என்று எழுதுகிறார்கள். அதே பொருள் நம்ம ஊர்க் கணக்கில் செலவாக விழுகிறது. செலவுப் பக்கத்தை யாராவது எழுதுகிறார்களா? அதைத்தான் இந்தத் தலையங்கத்தில் கேட்கிறோம்.

எதை எண்ணுகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள்?

அமெரிக்காவில் எத்தனை வீடுகளுக்குக் கட்டட அனுமதி கொடுக்கப்பட்டது என்று அரசே மாதாமாதம் எண்ணி வெளியிடுகிறது. 2005இல் அங்கே 21 லட்சம் வீடுகளுக்கு மேல் அனுமதி கொடுத்தார்கள். ஊரே கொண்டாடியது. அதில் பெரும் பகுதி, விலை ஏறும் என்ற நம்பிக்கையில் கடன் வாங்கிக் கட்டியது. 2009இல் அந்த எண்ணிக்கை 6 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. வங்கிகள் கவிழ்ந்தன, வேலை போனது, வீடு போனது. அனுமதி எண்ணிக்கை ஏறுவது மட்டுமே வளர்ச்சி இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நம் நாட்டில் அந்த எண்ணிக்கையும் ஒழுங்காகக் கிடையாது. பெரிய நகரங்களின் அனுமதிகளை வைத்துக் கணக்கு எடுக்கப் பார்த்தார்கள். கிராமப் பஞ்சாயத்தில் எத்தனை மனைக்கு அனுமதி, எத்தனை ஏக்கர் நஞ்சை அதில் போனது, எத்தனை வாய்க்கால் அடைபட்டது என்று ஊர் ஊராக எண்ணி மக்கள் முன் வைப்பவர் யாரும் இல்லை. சிமென்ட்டையும் எஃகையும் முக்கியமான 8 தொழில்களில் சேர்த்து மாதாமாதம் அறிக்கை விடுகிறார்கள். உலகில் சீனாவுக்கு அடுத்து அதிக சிமென்ட் தயாரிக்கும் நாடு நாம்தான். ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல். மூட்டையை எண்ணத் தெரிந்தவர்களுக்கு மதகை எண்ணத் தெரியவில்லை!

சரி, இவ்வளவு கட்டியும் வீடு இல்லாதவனுக்கு வீடு வந்ததா? மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு 2012இல் நகரங்களில் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று சொன்னது. அதில் 100-க்கு 95-க்கு மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும்தான். ஆனால் 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் 1 கோடியே 11 லட்சம்! வீடு இல்லாதவன் ஒரு பக்கம், ஆள் இல்லாத வீடு ஒரு பக்கம். அப்படியென்றால் கட்டுவது குடியிருக்கவா, பணத்தைப் போட்டு வைக்கவா?

நாம் வீட்டுக்கு எதிரி இல்லை

இதைச் சொன்னவுடனே, "விவசாய சங்கத்துக்காரங்க வளர்ச்சிக்கே எதிரி" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொன்ன ஊர் இது. ஒரு வீடு கட்டுவது என்ன பாடு என்று நமக்குத் தெரியும். குடிசையில் ஒழுகும் கூரைக்கு அடியில் பிள்ளை வளர்த்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், ஒரு வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்று 2024இல் அறிவித்தார்கள். தகுதியானவனுக்கு, தரகு இல்லாமல், முழுத் தொகையும் கிடைக்க வேண்டும் என்று கேட்பதும் நாம்தான். 2025 செப்டம்பரில் சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி.யை 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைத்தார்கள். அதையும் வரவேற்கிறோம்.

நம்ம பிள்ளைகளே சித்தாளாகவும் கொத்தனாராகவும் கம்பி கட்டுபவராகவும் வேலைக்குப் போகிறார்கள். 2004-05இல் நாட்டில் வேலை செய்பவர்களில் 100-க்கு 6 பேர் அளவுக்குத்தான் கட்டுமானத்தில் இருந்தார்கள். 2023-24 கணக்கெடுப்பில் அது 12 பேர். கழனியில் கூலி கட்டுபடியாகாதபோது சோறு போட்டது இந்த வேலை. அதை நாம் மறுக்கவில்லை.

நம் கேள்வி ஒன்றே ஒன்றுதான். வீடு எங்கே கட்டுவது? மேட்டில் கட்டலாம், நத்தத்தில் கட்டலாம், தண்ணீர் ஏறாத புஞ்சையில் கட்டலாம். மூன்று போகம் விளைகிற நஞ்சையை, அதுவும் மதகுக்கு நேர் கீழே இருக்கிற கழனியை, எதற்குத் தொட வேண்டும்?

பஞ்சாயத்து அப்ரூவல் என்ற மாயம்

1990களில் இருந்துதான் நம்ம பக்கம் காற்று மாறியது. ஏனாத்தூரில் 1993இல் பல்கலைக்கழகம் வந்தது. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் விழுந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வரிசையாகத் தொழிற்பேட்டை. 2006இல் நோக்கியா வந்தது. 2014இல் மூடிவிட்டும் போனது. கம்பெனி போனாலும் அதைக் காட்டிப் போட்ட மனைக்கல் போகவில்லை. இன்றைக்கும் சீமைக் கருவேல முள்ளுக்குள்ளே நட்ட கல் நட்டபடி நிற்கிறது.

அந்தக் காலத்தில் மனை விற்றது எப்படி? கலர் கொடி கட்டி, ஷாமியானா போட்டு, பஸ் வைத்து ஆட்களைக் கூட்டி வந்து, 'பஞ்சாயத்து அப்ரூவல் மனை' என்று சொல்லி விற்றார்கள். ஊராட்சியின் முத்திரை மட்டும் போதாது, நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதலும் வேண்டும் என்பதை வாங்குகிறவரிடம் யாரும் சொல்லவில்லை. பத்திர ஆபீசில் பதிவும் நடந்தது. அரசுக்கு முத்திரைத்தாள் வருமானம், தரகருக்குக் கமிஷன், மனை போட்டவருக்கு லாபம். தலையில் துண்டு போட்டுக்கொண்டு நின்றவர்கள் இரண்டே பேர்: கழனியை இழந்த விவசாயி, ரோடும் தண்ணீரும் வராத மனையை வாங்கிய ஏழை.

கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9ஆம் தேதி அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. விளைநிலம் தாறுமாறாக மனையாவதைத் தடுக்கத்தான் அந்த வழக்கு. பிறகு 2017 மே மாதம் அரசு முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டு வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளுக்குக் கட்டணம் கட்டினால் முறைப்படுத்தலாம் என்றார்கள். நீர்நிலையில், வாய்க்காலில் இருப்பதை முறைப்படுத்தக் கூடாது என்றும் விதி சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் அடைபட்ட வாய்க்கால் எது என்று யார் வந்து அளந்தது?

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை போட்டார்கள். நம்ம மாவட்டத்தின் கிராமங்களும் அதற்குள் போயின. அதே ஆண்டு ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்தது. 13 கிராமங்கள், 5,000 ஏக்கருக்கு மேல். ஏகனாபுரம் மக்கள் அன்றைக்கு ஆரம்பித்த போராட்டம் நாடறிந்தது. விமானம் வருவதற்கு முன்பே சுற்றுப்பட்டில் தரகர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நில ஒருங்கிணைப்புச் சட்டம் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தை, அதற்குள் ஏரி, கால்வாய் இருந்தாலும், சிறப்புத் திட்டம் என்று சொல்லித் தொகுத்துக் கொடுக்க அது வழி செய்கிறது. இதெல்லாம் தனித்தனிச் செய்தி இல்லை. எல்லாம் ஒரே திசையில் போகிற வண்டி.

ஒரு மனைப்பிரிவு ஓர் ஆயக்கட்டை எப்படி விழுங்குகிறது?

இதை ஒவ்வொரு ஊரிலும் நம்ம ஆட்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் வரிசையாக எழுதி வைப்பது நல்லது. அடுத்த ஊருக்கு உதவும்.

முதலில் ரோட்டோரக் கழனியை வாங்குவார்கள். முழுப் பணமும் கொடுக்க மாட்டார்கள். அட்வான்ஸ் கொடுத்து 'பவர்' எழுதி வாங்குவார்கள். கல் நட்டு, ரோட்டுக்குக் கிராவல் கொட்டுவார்கள். ரோடு இரண்டு, மூன்று அடி உயரும். அதன் அடியில் ஓடிய பாசனக் கால்வாய்க்கு ஒரு சிமென்ட் குழாயைப் புதைத்துவிட்டு, "தண்ணி போக வழி விட்டாச்சு" என்பார்கள். முதல் மழைக்கே அந்தக் குழாய் மண்ணும் குப்பையும் அடைத்துக்கொள்ளும்.

அதற்கப்புறம் கடைமடைக் கழனிக்குத் தண்ணீர் ஏறாது. மதகைத் திறந்தாலும் பிரயோசனம் இல்லை. கம்புகட்டிக்கு வேலை இல்லை. மழைக்காலத்தில் எதிர்ப்பாடு: தேங்கிய தண்ணீர் வடியாது, சம்பா நாற்று அழுகும். ஒரு வருஷம் பார்ப்பான், இரண்டு வருஷம் பார்ப்பான். மூன்றாவது வருஷம் அவனும் விற்றுவிடுவான். அதுவும் அடிமாட்டு விலைக்கு! ஏனென்றால் இப்போது அது நஞ்சை இல்லை, தரிசு. முதல் கழனி விற்றது ஒருவனுடைய விருப்பம். பத்தாவது கழனி விற்றது யாருடைய விருப்பமும் இல்லை. முதல் மனைக்கு அனுமதி கொடுத்த அன்றைக்கே அந்தப் பத்துப் பேரின் தலையெழுத்தும் எழுதியாகிவிட்டது. அந்தப் பத்துப் பேரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

இதோடு முடியவில்லை. ஆயக்கட்டு சுருங்கினால் ஏரியைக் கவனிக்க ஆள் இல்லை. கரை உடையும், மதகு துருப்பிடிக்கும், உள்வாயில் ஆக்கிரமிப்பு ஏறும். "இந்த ஏரியால் பாசனம் இல்லை" என்று ஒருநாள் ஃபைலில் எழுதுவார்கள். அத்தோடு ஏரியும் போயிற்று.

நம்ம ஏரிகள் தனித்தனிக் குட்டை அல்ல, சங்கிலி. காஞ்சிபுரம் மாவட்டத்தில் 381, செங்கல்பட்டில் 528 என்று பழைய ஒன்றுபட்ட மாவட்டத்தில் நீர்வளத் துறையின் கையில் மட்டும் 909 ஏரிகள். செய்யாற்றில் அனுமந்தண்டலம் அணைக்கட்டில் திரும்புகிற தண்ணீர் உத்திரமேரூர் ஏரிக்கு வருகிறது. மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரி நிரம்பும். நடுவில் ஒரு வரத்துக் கால்வாயை மறித்து மனை போட்டால் கீழே உள்ள அத்தனை ஊரும் காயும். பெருமழை வந்தால் அந்த மனையே முழுகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் புறநகரில் மொட்டைமாடியில் நின்று சாப்பாட்டுப் பொட்டலத்துக்குக் கை நீட்டிய குடும்பங்களைப் பார்த்தோமே! அவர்களில் எத்தனையோ பேர் ஏரியென்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவர்கள்.

விவசாயி ஏன் விற்கிறான்?

"நீங்கதானேய்யா விக்கிறீங்க?" என்று நம்மையே கேட்கிறார்கள். கேட்கட்டும். பதில் சொல்வோம்.

2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், ஊக்கத்தொகையும் சேர்த்து. ஏக்கருக்கு 22 குவிண்டால் விளைந்தது என்றே வைத்துக்கொள்வோம். 55,000 ரூபாய். உழவு, நடவு, உரம், மருந்து, அறுவடை இயந்திரம், கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடக்கிற செலவு எல்லாம் போனால் என்ன மிஞ்சும்? உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். நம்மிடம் சென்ட்டில் வாங்குகிறான்; சதுர அடியில் விற்கிறான். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ரோடு, பூங்கா என்று விட்டது போக 100-க்கு 60 பங்கு மிஞ்சினாலும் 26,000 சதுர அடி. சதுர அடி 500 ரூபாய்க்குப் போனாலே 1 கோடியே 30 லட்சம். அதில் கழனிக்காரன் கைக்கு வந்தது எவ்வளவு என்று விற்றவர்கள் சொல்லட்டும். பொண்ணு கல்யாணம், ஆஸ்பத்திரி, கூட்டுறவுக் கடன் என்று அந்தப் பணமும் இரண்டு வருஷத்தில் கரைந்துவிடுகிறது. பிறகு தன் கழனியில் கட்டுகிற வீட்டுக்கே சித்தாளாகப் போகிறான்.

ஆக, விற்கிறவனைத் திட்டிப் பயன் இல்லை. கட்டுபடியாகும் விலை கொடு, கழனிக்குத் தண்ணீர் கொடு. அப்புறம் எவன் விற்கிறான் என்று பார்ப்போம்!

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. திட்டப் பகுதிக்கு வெளியே விளைநிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற 2017இல் தனி விதி போட்டார்கள். நஞ்சையென்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். ஏரிப் பாதுகாப்புக்கும் ஆக்கிரமிப்பு அகற்றவும் 2007இல் சட்டம் வந்தது. காகிதத்தில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அனுமதி கேட்டு வருகிற ஃபைலில் இருப்பது அந்த ஒரு சர்வே எண் மட்டும். அதற்குக் கீழே எத்தனை ஏக்கர் தண்ணீர் குடிக்கிறது என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரை மனையில், 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர்கள் இணையத்திலேயே உடனடி அனுமதி வாங்கலாம். சொந்த வீடு கட்டுகிற சாதாரண ஆளுக்கு அலைச்சல் மிச்சம். லஞ்சம் ஒழிந்தால் சந்தோஷம். ஆனால் வீட்டுக்குக் காட்டுகிற வேகத்தை மனைப்பிரிவுக்கும் காட்டிவிடக் கூடாது. ஒரு வீடு ஏரியை அழிக்காது. நூறு மனைக்குப் போட்ட ஒரு ரோடு அழித்துவிடும். பரிசோதனை வேண்டியது அங்கேதான்.

1,100 வருஷத்துக்கு முன் தெரிந்தது இன்று தெரியவில்லையா?

உத்திரமேரூர் கல்வெட்டை டெல்லி வரைக்கும் பெருமையாகப் பேசுகிறார்கள். பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டியது. குடவோலை முறை என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தக் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழுவே இருக்கிறது. ஏரியைப் பார்ப்பது ஒரு பொறுப்பான பதவி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவன் நெருங்கிய உறவினரும் மறுபடி போட்டியிட முடியாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தச் சபை உழைக்கிற எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பிராமணர் சபை அது. அதை நாம் மறக்கவில்லை. ஆனாலும் ஏரிக்கு ஓர் ஆளும், அந்த ஆளுக்கு ஒரு கணக்கும் வேண்டும் என்ற அறிவு அன்றைக்கு இருந்தது. இன்றைக்கு ஊராட்சி எல்லோருக்கும் சொந்தம். ஏரிக்கு மட்டும் ஆள் இல்லை!

நம் கோரிக்கைகள்

1. எந்த மனைப்பிரிவுக்கும் அனுமதி கொடுக்கும் முன், அந்த நிலத்தின் வழியாகப் போகிற வரத்துக் கால்வாய், பாசனக் கால்வாய், வடிகால் மூன்றையும் நீர்வளத் துறையும் வருவாய்த் துறையும் நேரில் அளக்க வேண்டும். கீழ் ஆயக்கட்டு விவசாயிகளை அழைத்துக் கேட்க வேண்டும்.

2. மதகுக்குக் கீழ் உள்ள நஞ்சையில் மனைப்பிரிவுக்கு அனுமதியே கூடாது.

3. ஊராட்சி எல்லைக்குள் கொடுத்த ஒவ்வொரு அனுமதியும், சர்வே எண், பரப்பு, நஞ்சையா புஞ்சையா என்ற விவரத்தோடு, ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதப்பட வேண்டும். கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும்.

4. அடைபட்ட கால்வாய்களை மனை போட்டவரின் செலவில் பழைய அகலத்துக்குத் திறந்துவிட வேண்டும். ஏமாந்து மனை வாங்கிய ஏழைகளுக்கு மாற்று இடமோ பணமோ அவரிடமிருந்தே வாங்கித் தர வேண்டும்.

5. நீர்நிலைகளைத் தொட வழி செய்யும் 2023 நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைத் திரும்பப் பெற வேண்டும்.

6. நெல்லுக்குக் கட்டுபடியாகும் விலை வேண்டும். சம்பா, நவரை, சொர்ணவாரி மூன்று பருவத்துக்கும் நேரடிக் கொள்முதல் நிலையம் காலத்தில் திறக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

மனு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினால் எதுவும் நடக்காது. ஒவ்வொரு ஊரிலும் இந்த நான்கு வேலையையும் செய்யுங்கள்.

ஒன்று: கிராம வரைபடத்தையும் அ பதிவேட்டு நகலையும் எடுங்கள். வாய்க்கால் புறம்போக்கு எந்தெந்த சர்வே எண்ணில் இருக்கிறது என்று குறியுங்கள். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காலால் நடந்து பாருங்கள். அந்த வாய்க்கால் எங்கே ஓடியது என்று தெரிந்த தலைமுறை இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

இரண்டு: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் இருந்து நம் கையில் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம். நம்ம ஊராட்சியில் கடந்த 10 ஆண்டில் அனுமதி பெற்ற மனைப்பிரிவுகள் எவை, நீர்வளத் துறை கொடுத்த தடையின்மைச் சான்று எங்கே என்று எழுதிக் கேளுங்கள்.

மூன்று: கிராம சபை இப்போது ஆண்டுக்கு 6 முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்றைக்கு ஒரே தீர்மானம்: ஆயக்கட்டில் மனைப்பிரிவு கூடாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான்கு: தரகர் வந்தால் தனியாக உட்கார்ந்து பேசாதீர்கள். பக்கத்துக் கழனிக்காரரை வைத்துக்கொண்டு பேசுங்கள். முழுப் பணம் கைக்கு வராமல் 'பவர்' எழுதிக் கொடுக்காதீர்கள். கஷ்டத்தில் விற்றே ஆக வேண்டும் என்றால் முதலில் ஊர்க்காரரிடம் கேளுங்கள், சங்கத்திடம் சொல்லுங்கள்.

விவசாயப் பெருமக்களே! தமிழ்நாட்டில் 1970களின் தொடக்கத்தில் 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் சாகுபடி நடந்தது. இன்று 50 லட்சத்துக்கும் கீழே. இது வறட்சியால் மட்டும் வந்ததல்ல. கையெழுத்தாலும் வந்தது. வறட்சி போனால் கழனி திரும்பவும் பச்சையாகும். கான்கிரீட் போட்டால் ஆகாது. கட்டடத்துக்கு வேறு இடம் பார்க்கலாம். ஏரிக்கு வேறு இடம் பார்க்க முடியாது.

வீடு வேண்டும்! கழனியும் வேண்டும்!
மனைக்கு அனுமதி கொடுக்கும் முன் மதகைப் பார்!
வாய்க்காலை மறித்தவன் வாய்க்காலைத் திற!
ஒன்றுபடுவோம்! ஊர் ஊராய் எழுவோம்! ஏரியைக் காப்போம்!